அறிமுக விழாவுக்கு வந்த மய்யித்து

எங்கள் தீவு ஊரான வைதோகாவில் கிறிஸ்தவர்களுக்கு இஸ்லாத்தை அறிமுகப்படுத்தும் வேலை பல வருஷங்களாக நடந்து வருகிறது. இன்னும் முடிந்தபாடில்லை. வைதோகா வட்டாரப் பல்சமய நல்லுரையாடல் மன்றம் அதை நடத்துகிறது. மன்றத்துக்கு ஒரு கொடி உண்டு, ஒரு கீதம் உண்டு, நாலு துணைக்குழுக்கள் உண்டு. சாண்ட்விச் துணைக்குழு தனி.

முன்பின் பார்த்திராதவர்களுக்குத்தான் அறிமுகம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். லாரிக்காரர் மொய்னுதீனின் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் அவர் வீட்டு மிளகாயைத் தின்று கண்ணீர் விட்டு வருகிறார்கள். ஒரு புயலில் எங்கள் ஆலயத்தின் கூரை அப்படியே கிளம்பிப் பறந்து மசூதி முற்றத்தில் போய் உட்கார்ந்தது. மொய்னுதீன் அதைத் தன் கரும்பு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "உங்க கூரைக்கு எங்க மார்க்கம் பிடிச்சுப்போச்சு போலிருக்கு மொசேசே. நான்தான் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். மொசேசே என்பது நான். ஆலய மண்டபத்தின் கதவு, ஜன்னல், பாய் எல்லாம் என் பொறுப்பு.

இதெல்லாம் உரையாடலில் சேராது என்று மன்றம் முடிவு செய்திருந்தது. நெறியாளர் இல்லாமல் நடந்த பேச்சு வெறும் பழக்கம்தானாம். அதனால் வருஷம் ஒரு முறை முறைப்படி அறிமுகம் நடக்கும். போன வருஷம் 'மசூதி என்றால் என்ன' என்று தலைப்பு. எங்கள் மண்டபத்தின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் மசூதி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். வெளிச்சம் விழுந்தால் திரையில் படம் தெரியாது என்று அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை போடச் சொன்னார்கள். போட்டேன். இருட்டில் துருக்கி தேசத்து மசூதியின் படத்தைக் காட்டினார்கள். எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். மொய்னுதீன் மட்டும் தன் மசூதி வாசலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "டேய் மொசேசே, படம் முடிஞ்சதும் எனக்குக் கதை சொல்லு" என்று கத்தினார்.

இந்த வருஷத் தலைப்பு, 'இஸ்லாமிய மரபில் மரணம்: ஒரு கிறிஸ்தவப் புரிதல்'. விழா வியாழக்கிழமை பிற்பகல். அன்று காலை, தொழுகைக்கு எழுந்து முகம் கழுவப் போன மொய்னுதீன் குழாயடியில் சாய்ந்தார். மகன் தாஹிர் ஓடி வந்து மடியில் கிடத்திக்கொண்டான். போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான்.

"இன்னிக்கே மண்ணுல வச்சிரு தாஹிர். பொழுது சாயறதுக்குள்ள. ராத்திரி என்னை மேல போட்டு வைக்காதே."

அவர்கள் வழக்கமும் அதுதான். எங்கள் ஆட்கள் செத்தால் உறவெல்லாம் தீவு தீவாக வந்து சேர்ந்து, பாய் வைத்து, திமிங்கலப் பல் வைத்து, பேச்சுப் பேசி, பன்றி அடித்து, ஒரு வாரம் ஆகும். அவர்களில் ஆள் போனால் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, தொழுது, தூக்கிவிடுவார்கள். நண்பகல் தொழுகைக்கு முன்பே மசூதிக்குப் பின்னால் மேட்டில் குழி தயாராகிவிட்டது. நானும் மண்வெட்டி பிடித்தேன்.

அந்த நேரத்தில்தான் மன்றத் தலைவர் ரெவரண்ட் டாக்டர் இனோக்கே துக்கம் கேட்க வந்தார். மொய்னுதீனின் மனைவி ஜுபைதாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து தாஹிரைப் பார்த்தார்.

"தம்பி, இது கர்த்தரோட ஏற்பாடு. தலைப்பு நமக்கு முன்னாடியே கொடுக்கப்பட்டிருக்கு, பாத்தீங்களா?"

"போதகரே, தொழுகை முடிஞ்சதும் தூக்கணும். நாங்க இன்னிக்கு வர முடியாது."

"நீங்க வராம எப்படி? துய் வர்றார். பிரிஸ்பேன்லேர்ந்து நெறியாளர் அம்மா வந்தாச்சு. நீங்க ஒன்பது ஆம்பிளைங்களும் வந்து சும்மா உட்கார்ந்தா போதும். அரைமணி நேரம். மண்டபத்திலேருந்து நேரா மையவாடிக்குப் போயிரலாம்."

துய் என்றால் எங்கள் மண்ணின் தலைவர். தாஹிரும் மற்றவர்களும் கரும்பு போடுகிற நிலமெல்லாம் அவர் வம்சத்துடையது. அது குத்தகை புதுப்பிக்கிற வருஷம். ஹாபிஸ் யாகூப், அவர்களுடைய இமாம், தாஹிரின் காதில் ஏதோ சொன்னார். ஒன்பது பேரும் மசூதியில் மய்யித்தை, குளிப்பாட்டிய உடலை, சந்தூக்கு என்கிற தூக்குப்பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஜுபைதாம்மாவை உட்கார வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி மண்டபத்துக்குள் வந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டையை மாட்டினார்கள். ஹாபிஸ் யாகூபின் அட்டையில் 'மௌன விருந்தினர்' என்று இருந்தது. நாற்பதைத் தாண்டி முன்தலை வழுக்கையான தாஹிருக்கு 'முஸ்லிம் இளைஞர்'. எல்லாரையும் முன்வரிசைப் பாயில், துய்க்கு இடப்பக்கம், சபையோரைப் பார்த்தபடி உட்கார வைத்தார்கள். துய் நடுவில் உட்கார்ந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது. எழுந்து வெளியே போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவரிடம் நேராகப் பேசவும் கூடாது. அவருடைய வாய்மொழியாளன் சகியுசா மூலமாகத்தான் பேச வேண்டும். பேசுகிறவர்கள் மட்டும் நின்று பேசலாம் என்று மன்றம் தனக்குத்தானே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது.

துய்யின் முன்னால் பெரிய மரக்கிண்ணத்தில் யாங்கோனா கரைத்து வைத்திருந்தது. அந்த வேர்த்தண்ணி இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் தொடங்காது. கிண்ணம் வற்றினால் சகியுசா தரையில் தட்டி, வற்றிவிட்டது என்று அறிவிப்பான். துய் எழுந்துகொள்வார். கூட்டம் கலையும். இந்த வழக்கத்தை மன்றம் மிகவும் மதித்தது. மண்ணின் பண்பாட்டுக்கு மரியாதை என்று விதியிலேயே சேர்த்திருந்தது. ஆனால் ஒரு முறை பேச்சுகள் முடியுமுன் கிண்ணம் வற்றிவிட்டதால், ஒரு மூட்டை வேர்ப்பொடியைப் பக்கத்தில் வைத்து, குறையக் குறையக் கரைத்து ஊற்ற ஓர் ஆளையும் நியமித்திருந்தார்கள். சகியுசாவிடமும், "தொடக்கத்துல ஒரு தரம் பேசணும், கிண்ணம் வத்தினப்புறம் ஒரு தரம், அவ்வளவுதான். நடுவுல துய்ய எழுப்பி நிகழ்ச்சியக் கெடுக்கக்கூடாது" என்று சொல்லியிருந்தார்கள்.

வாசலை ஒட்டி, எப்போதும்போல் நான் உட்கார்ந்தேன். மன்றத்தின் கீதம் பாடி முடித்தபோது மொய்னுதீன் வந்தார்.

வெள்ளைத் துணியோடுதான் வந்தார். முகம் மட்டும் திறந்திருந்தது. காலில் செருப்பில்லை. தாமதமாக வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் வந்து நின்று, சத்தம் போடாமல் குனிந்தார். பாடகர் குழுவின் மெரேயோனி அக்கா அவரைப் பார்த்தாள். பாயைக் கொஞ்சம் இழுத்து, என் பக்கத்தில் அவர் உட்கார இடம் விட்டாள். எங்கள் ஊரில் செத்தவர்களைப் பார்த்தால் இடம் கொடுப்பது வழக்கம். பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நிகழ்ச்சிநிரலில் அதற்கு இடமும் இல்லை.

"ஏண்டா மொசேசே, எவ்வளவு நேரமாகும்?" என்றார். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பக்கத்தில் குளிர்ந்தது.

"அரைமணின்னு சொன்னாங்க பாய்."

"யாரு, இனோக்கேயா? அவன் தும்மவே அரைமணி ஆகும்."

ரெவரண்ட் டாக்டர் இனோக்கே எழுந்து நின்றார். திரையில் கடிகாரப் படம் விழுந்தது.

"அன்பர்களே! முஸ்லிம் சகோதரர்களின் மிக அழகான ஒரு வழக்கத்தை இன்று நாம் ஆழமாகப் பார்க்கப் போகிறோம். அவர்கள் இறந்தவரைத் தாமதிக்க மாட்டார்கள். தாமதம் என்பது இறந்தவருக்குச் செய்கிற அவமரியாதை என்று அவர்களுடைய மார்க்கம் சொல்கிறது. இதை நாம் அவசரப்படாமல், நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே முதலில் தாமதம் என்றால் என்ன என்று பார்ப்போம்."

பார்த்தார்கள். எபிரெய மொழியில் தாமதம், கிரேக்க மொழியில் தாமதம், நம் சபை வரலாற்றில் தாமதம். யாங்கோனா ஒரு சுற்று வந்தது. பொடி கரைத்தார்கள். மறுபடி ஒரு சுற்று. தாஹிர் கையைத் தூக்கினான்.

நெறியாளர் பிரான்வின் அம்மா அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவளிடம் ஒரு சங்கு இருந்தது. சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். சங்கு வலப்பக்கமாகச் சுற்றி வரும். முஸ்லிம்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க கிட்ட வரும். அவசரம் வேணாம். காத்திருக்கிறதும் ஒரு பகிர்வுதான்" என்றாள்.

சங்கு எங்கள் பெண்கள் ஐக்கியத் தலைவியிடம் போனது. தன் பக்கத்து வீட்டு முஸ்லிம்கள் எவ்வளவு சுத்தமானவர்கள் என்று அவள் சொன்னாள். அடுத்து சங்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் போனது. அவர் ஒரு முறை விமானத்தில் துபாய் வழியாகப் போனாராம். அந்த அனுபவத்தைச் சொல்லி அழுதார். சாண்ட்விச் துணைக்குழுச் செயலாளர், இன்றைய சாண்ட்விச்சில் எதைப் போடவில்லை என்பதை விவரமாக அறிவித்தார். எதையுமே போடவில்லை. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வெறும் மரியாதைதான் இருந்தது.

மேற்கு ஜன்னலில் திரைச்சீலையின் ஓரம் மஞ்சளானது. நான் எட்டிப் பார்த்தேன். மசூதிக்குள் சந்தூக்கின் பக்கத்தில் ஜுபைதாம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஈ ஓட்ட ஒரு விசிறி கையில். மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சாப்பிட்டிருக்க மாட்டா" என்றார் மொய்னுதீன்.

"போய்ப் பக்கத்துல இருங்களேன் பாய்."

"மகன் இங்க மாட்டிக்கிட்டான். இவனைக் கூட்டிட்டுப் போகாம நான் எங்கடா போக?"

கடைசியில் சங்கு தாஹிரிடம் வந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஐயாமாரே, அம்மாமாரே. எங்க அப்பா காலையில மௌத்தாயிட்டார். இங்க பக்கத்துல மசூதியிலதான் இருக்கார். பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணணும். அது அவரு கேட்டது. நாங்க ஒன்பது பேரும் போனாத்தான் தொழ முடியும், தூக்க முடியும். தயவு பண்ணி எங்கள விட்டுருங்க. அவ்வளவுதான்."

மண்டபம் முழுவதும் கைதட்டல். பிரான்வின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த உணர்விலேயே கொஞ்ச நேரம் இருங்க தாஹிர். அப்படியே இருங்க. எல்லாரும் மூச்சை உள்ள இழுப்போம்."

எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்தோம்.

ரெவரண்ட் டாக்டர் இனோக்கே மறுபடி எழுந்தார். "பார்த்தீர்களா! என் உரையின் மூன்றாவது பகுதியை இந்த இளைஞர் எவ்வளவு உயிரோட்டமாகச் சொல்லிவிட்டார்! நான் ஆய்வேட்டில் எழுதியதை இவர் அனுபவத்தில் சொல்கிறார். தம்பி, அதே வார்த்தைகளை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்து இன்னொரு முறை சொல்ல முடியுமா? பதிவாகவில்லையாம்."

தாஹிர் இன்னொரு முறை சொன்னான். இன்னொரு முறை கைதட்டினார்கள்.

பிறகு குழு விவாதம். நாலு நாலு பேராகப் பிரித்து, ஆளுக்கு ஒரு வண்ணக் காகிதம் கொடுத்தார்கள். கேள்வி: 'நீங்கள் ஒரு முஸ்லிமாக இருந்து, உங்கள் தந்தை இன்று இறந்திருந்தால், உங்களுக்கு எப்படி இருக்கும்? கற்பனை செய்யுங்கள்.' தாஹிருக்குப் பச்சைக் காகிதம் வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் தட்டிக்கொடுத்தார்.

"எழுது தம்பி. கூச்சப்படாதே. தப்பான பதில்னு எதுவுமே இல்ல."

"சார், நான் முஸ்லிம். எங்கப்பா இன்னிக்கு இறந்துட்டார்."

"ரொம்ப நல்லா ஒன்றிப் போயிட்டே. ஆனா கற்பனைங்கறதால 'இருந்திருந்தால்'னு போட்டுக்கணும். விதி அப்படி."

தாஹிர் காகிதத்தைக் கீழே வைத்தான். அவன் கண் சகியுசாவைத் தேடியது. சகியுசா உதட்டைக் கடித்துக்கொண்டு துய்யைப் பார்த்தான். பிறகு மன்றத் தலைவரைப் பார்த்தான். தலைவர் விரலை உதட்டில் வைத்தார். ஹாபிஸ் யாகூப் தன் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு, உதடு அசையாமல் ஓதிக்கொண்டிருந்தார்.

மொய்னுதீன் அப்போது எழுந்து நின்றார். துய் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். செத்தவருக்கு அந்தச் சட்டம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். எங்கள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம்.

"மொசேசே, உங்க ஆளுங்கள்லாம் அங்க சும்மாத்தானே கிடக்கிறாங்க?"

"ஆமா பாய். ஏன்?"

அவர் வெயிலுக்குள் இறங்கிப் போனார். அவருக்கு நிழல் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். தனியாக வரவில்லை.

முதலில் வந்தவர் பழைய துய், இப்போதைய துய்யின் தாத்தா. இடுப்பில் மரப்பட்டைத் துணி, மார்பில் எண்ணெய். அடுத்து, அம்மைக் காய்ச்சலில் போன மூன்று மூப்பர்கள். ஆலயத்தின் முதல் பறையடித்தவர். மெரேயோனி அக்காவின் புருஷன், கடலில் போனவர், முழங்கால்வரை ஈரத்தோடு. பின்னால் இன்னும் இன்னும். மண்வாசனையும் உப்பு வாசனையுமாக மண்டபம் நிறைந்தது. பெண்கள் சத்தமில்லாமல் பாயை இழுத்து இழுத்து இடம் விட்டார்கள். குளிரில் பிள்ளைகள் தாயின் மடிக்குள் சுருண்டன. மெரேயோனி அக்கா நேராக முன்னால் பார்த்தபடி இருந்தாள். அவள் கை மட்டும் பக்கத்து வெற்றுப் பாயின் மேல் போய் அமர்ந்தது.

"ஏன் குளுருது? யாராவது ஜன்னலைச் சாத்துங்க" என்றாள் பிரான்வின் அம்மா.

செத்தவர்கள் எல்லாரும் கிண்ணத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

சகியுசாவின் முகம் வெளுத்தது. வட்டத்தில் உட்கார்ந்தவருக்குக் கொடுக்காமல் தாண்டக் கூடாது. அது துய் வீட்டு வாய்மொழியாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த முறை. அதிலும் வரிசைப்படி பெரியவருக்கு முதலில். அவன் சிரட்டையை நிறைத்தான். இப்போதைய துய்யைத் தாண்டி நடந்தான். தாத்தாவின் முன் மண்டியிட்டு நீட்டினான். தாத்தா ஒரு தரம் கைதட்டி வாங்கினார். ஒரே மடக்கு. சிரட்டை காலியாகத் திரும்பியது.

"அடடா!" என்றார் ரெவரண்ட் டாக்டர் இனோக்கே. "வெற்றிடத்துக்கு உபசாரம்! என்ன குறியீடு!"

பிரான்வின் அம்மா படம் எடுத்தாள்.

செத்தவர்கள் குடிக்கிற குடி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனையோ வருஷத் தாகம் அது. மண்ணுக்குள் யாரும் கரைத்துக் கொடுப்பதில்லை. மூப்பர்கள் ஆளுக்கு ஒரு சிரட்டை, பிறகு இன்னொன்று. பறையடித்தவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கிண்ணம் குறைந்தது. பொடி கரைக்கிறவன் கரைத்துக் கரைத்து ஊற்றினான். அவன் தோள் இறங்கியது. மூட்டை இளைத்தது. தலைவர் தாமதத்தின் நாலாவது வகைக்கு வந்திருந்தார்.

"ஐயா, பொடி தீரப் போகுது" என்றான் அவன்.

"தீராது. கணக்குப் பண்ணித்தான் வாங்கியிருக்கு. இந்தக் கூட்டத்துக்கு இது தாராளம்" என்றார் தலைவர். உயிரோடிருந்த கூட்டத்துக்கு அது தாராளம்தான்.

மூட்டையை உதறினார்கள். கடைசித் தண்ணீர். சகியுசா கடைசிச் சிரட்டையை முகந்துகொண்டு வட்டத்தைப் பார்த்தான். எல்லாருக்கும் ஆகிவிட்டது, ஒருவரைத் தவிர. அவன் மொய்னுதீனின் முன் வந்து மண்டியிட்டான்.

அவர் உயிரோடிருந்த காலத்தில் யாங்கோனாவைத் தொட்டதில்லை. ஹாபிஸ் கூட விசேஷ வீடுகளில் ஒரு வாய் வாங்குவார். மொய்னுதீன் வாங்க மாட்டார். "நாக்கு மரத்துப் போகும். அப்புறம் ஆலைக்காரனை எதை வச்சுத் திட்டுவேன்?" என்பார். நான் எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறேன். அவர் சிரட்டையைப் பார்த்தார். முன்வரிசையில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். தாஹிரும் அப்போது நிமிர்ந்தான். அவன் பார்த்தானா என்று நான் கேட்டதில்லை. அவன் கை தன் மார்புக்குப் போனது மட்டும் எனக்குத் தெரியும்.

மொய்னுதீன் ஒரு தரம் கைதட்டினார். வாங்கினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்தார்.

"சீ! இந்தச் சேத்துத் தண்ணிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார்.

சகியுசா ஓடிப்போய்க் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான். தரையில் ஓங்கித் தட்டினான். "வத்திப்போச்சு!" என்றான். அவன் குரலில் அழுகை இருந்தது.

"இரு, இரு! நாலாவது வகை..." என்றார் தலைவர்.

ஆனால் துய் விழித்துக்கொண்டார். எழுபது வருஷமாக அந்த வார்த்தைக்கு விழித்துப் பழகிய காது அது. எழுந்து நின்றார். மண்டபம் முழுவதும் எழுந்தது.

"முடிஞ்சுதா? நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "யாரோ தவறிட்டதா காலையில சொன்னாங்களே, யாரு?"

"மொய்னுதீன் ஐயா. லாரிக்காரர்" என்றான் சகியுசா.

"அடக்கம் ஆச்சா?"

"இல்லீங்க ஐயா. இவங்கதான் தூக்கணும். மத்தியானத்திலேருந்து இங்க உட்கார வச்சிருக்கு."

துய் ஒன்பது பேரையும், அவர்கள் கழுத்து அட்டைகளையும் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். துய்யின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"அடப்பாவிங்களா, பொணத்த அங்க போட்டுட்டு இங்க என்னடா பேச்சு? தாஹிர், போடா! ஓடு!"

ஒன்பது பேரும் ஓடினார்கள். அட்டைகள் வழியெல்லாம் விழுந்து கிடந்தன. நாங்கள் பின்னால் போனோம். துய்யும் வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மசூதி முற்றத்தில் அவர்கள் வரிசையாக நின்று தொழுதார்கள். குனியவில்லை, மண்டியிடவில்லை. நின்றபடியே, சின்னதாக, முடிந்துவிட்டது. சந்தூக்கைத் தூக்கும்போது தோள்கள் மாறி மாறி வந்தன. ஒரு முறை துய்யின் தோளும் வந்தது. என் தோளும் போனது. கனக்கவே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

சூரியன் கரும்புத் தோகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாஹிர் குழிக்குள் இறங்கினான். தகப்பனை வாங்கி, வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தி, துணியின் முடிச்சை அவிழ்த்தான்.

"ஏன் தம்பி, ஒருக்களிச்சு வைக்கிறே?" மெரேயோனி அக்கா மேலிருந்து கேட்டாள். அன்று முழுவதும் ஒரு முஸ்லிமிடம் ஒரு கிறிஸ்தவர் தெரிந்துகொள்ளக் கேட்ட முதல் கேள்வி அது.

"முகம் மக்காவப் பாக்கணும் அக்கா. அந்தப் பக்கம்." அவன் சூரியன் இறங்குகிற பக்கம் மண்ணான கையை நீட்டினான். "தூங்கற மாதிரி."

"சரிதான். எப்பவுமே அவரு வலப்பக்கம்தான் தூங்குவாரு, லாரியில கூட" என்றாள் அவள். தாஹிர் அப்போதுதான் அழுதான்.

ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். கடைசி மண் விழுந்தபோது வெளிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு மொய்னுதீனை நான் எங்கும் பார்க்கவில்லை. பார்த்ததையெல்லாம் ஹாபிஸ் யாகூபிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"மொசேசே பாய், செத்தவங்க எழுந்து வர்றதெல்லாம் எங்க மார்க்கத்துல கிடையாது."

"ஹாபிஸ், செத்தவங்களக் காக்க வைக்கிறதும் உங்க மார்க்கத்துல கிடையாதுன்னுதானே அன்னிக்கு முழுக்கச் சொன்னாங்க?"



மன்றத்தின் அறிக்கை அடுத்த மாதம் வந்தது. நிகழ்ச்சி பெரும் வெற்றி என்றும், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான யாங்கோனா செலவானதால் வருகையும் கூடுதல் என்று கொள்ளலாம் என்றும், ஆனால் முஸ்லிம் சகோதரர்கள் நன்றியுரைக்குக் காத்திராமல் எழுந்து போனது உரையாடலில் இன்னும் நீண்ட தூரம் போக வேண்டியிருப்பதைக் காட்டுகிறது என்றும் அதில் இருந்தது.

நன்றியுரை நடக்காததில் ஒரு சிக்கல் உண்டு. அதை மன்றம் அறியாது. எங்கள் ஆட்கள், அதாவது அன்று கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், விடை பெறாமல் எழுந்து போகிற ஜாதி இல்லை. அவர்களைப் பார்த்து யாரும் விடை சொல்லவில்லை. ஆகவே அங்கேயே இருக்கிறார்கள். பிற்பகலில் மண்டபத்தைக் கூட்டப் போகிறேன், ஆனால் பாயைச் சுருட்ட முடியவில்லை. கனக்கிறது. ரெவரண்ட் டாக்டர் இனோக்கே வியாழக்கிழமைதோறும் வருகிறார். தாமதத்தின் மிச்ச வகைகளை நின்று பேசிப் பழகுகிறார். காலி மண்டபத்தில் பேசும்போது யாரோ கேட்பது போலவே இருக்கிறது, இவ்வளவு கவனமான சபை தனக்கு வாய்த்ததே இல்லை என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். வாசலருகே பழைய துய் கொட்டாவி விடுவதை நான் பார்த்தேன். கடலில் போனவர் உட்கார்ந்த இடத்தில் தரை இன்னும் உலரவில்லை. சில நாள் மெரேயோனி அக்கா வந்து, அந்த ஈரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

எனக்கும் வயதாகிவிட்டது. போன வாரம் தாஹிரின் பட்டறைக்குப் போனேன். அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது.

"தாஹிர், நான் போனா நீதான் வந்து தூக்கணும்."

"என்ன மாமா பேச்சு இது?"

"உங்க ஆளுங்க மாதிரி. அன்னிக்கே. பொழுது சாயறதுக்குள்ள."

அவன் லாரிக்கு அடியிலிருந்து சறுக்கி வெளியே வந்து என்னைப் பார்த்தான். "உங்க சபை விடுமா மாமா? பாய் வைக்கணும், பேச்சு இருக்கு, தலைவர் வரணும்..."

"அதுக்குத்தான் உன்கிட்ட சொல்றேன். அவங்களுக்குச் சொல்லாம தூக்கிட்டுப் போயிரு."

கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"முகத்த எந்தப் பக்கம் திருப்பி வைக்கட்டும் மாமா?"

"எந்தப் பக்கம் வேணா வை. மண்டபத்துப் பக்கம் மட்டும் வேணாம்."